வீட்டில் காக்பிட் கட்டுவது: கை அடிக்கடி போகும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர் ஜாய்ஸ்டிக்கும் ஒற்றைத் திரையுமாகச் சில காலம் சிமுலேட்டர் ஓட்டியிருக்கிறார். வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. அதில் பயணிகள் விமானத்தின் காக்பிட்டை முழு அளவில் கட்ட ஆசை. போயிங்கா ஏர்பஸ்ஸா, எதை முதலில் வாங்குவது, வெளிக்காட்சிக்கு என்ன செய்வது, நிஜ விமானப் பாகங்கள் வேண்டுமா, அசையும் மேடை வேண்டுமா என்று கேட்கிறார்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: கட்டுமானம் எந்த நிலையில் இருந்தாலும், அன்று மாலை உட்கார்ந்து பறக்க முடிய வேண்டும். மற்ற முடிவெல்லாம் இதற்கு அடுத்தபடிதான். பாதியில் கைவிடப்பட்டு விற்பனைக்கு வரும் காக்பிட்களைக் கவனியுங்கள். மரக்கூடு பிரமாதமாக நிற்கும். தலைக்கு மேலே ஓவர்ஹெட் பேனலில் சுவிட்சுகள் வரிசை வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஆனால் ஒன்றுகூட சிமுலேட்டரோடு பேசாது. கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அந்த மனிதர் ஒருமுறைகூடப் பறந்திருக்க மாட்டார். அப்படி ஓராண்டு போனால் யாருக்கும் சலித்துவிடும்.

எனவே வாங்கும் வரிசையை, ஒரு பயணத்தில் உங்கள் கை எங்கெல்லாம் எத்தனை முறை போகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு மணி நேரப் பயணத்தில் ஓவர்ஹெட்டை எவ்வளவு நேரம் தொடுவீர்கள்? எஞ்சின் கிளப்பும் முன் சில நிமிடங்கள், நின்ற பின் சில நிமிடங்கள். நடுவில் விளக்குகள், பெல்ட் அறிவிப்பு, எப்போதாவது பனி உறையாமல் காக்கும் ஆன்டி-ஐஸ். தானியங்கிப் பறத்தலுக்கான பேனலைத்தான் (போயிங்கில் எம்சிபி, ஏர்பஸ்ஸில் எஃப்சியு) கை ஓயாமல் தேடிப் போகும். திசை, உயரம், வேகம் எல்லாம் அங்கேதான். அடுத்து எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், இறக்கைத் தகடுகளை நீட்டும் ஃபிளாப் லீவர், பயணத் திட்டத்தை ஏற்றும் சிடியு, வரைபடத்தின் அளவை மாற்றும் ஈஎஃப்ஐஎஸ் பேனல், கியர் லீவர், ரேடியோ. என் வரிசை இதுதான்: ஓட்டும் கட்டுப்பாடுகள், வால் சுக்கானுக்கான ரட்டர் பெடல், த்ராட்டில், எம்சிபியும் ஈஎஃப்ஐஎஸ்ஸும், சிடியு, முன்பக்கத் திரைகள், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் நிற்கும் பெடஸ்டல். ஓவர்ஹெட் கடைசிக்கு முந்தியது, கூடு கடைசி. ஓவர்ஹெட்டை முதலில் செய்யத் தூண்டுவது அதன் அழகு. படம் எடுத்துக் காட்ட அதைவிட நல்ல பொருள் காக்பிட்டில் கிடையாது, அதை மறுக்கவில்லை.

துணை விமானியின் பக்கத்தையும் தள்ளிப்போடுங்கள். பெரும்பாலும் நீங்கள் தனியாகத்தான் பறப்பீர்கள். இடது இருக்கைப் பக்கம் முழுமையாக இயங்கினால் போதும். வலது பக்கத்துக்கு இடமும் கம்பி வழியும் விட்டுவைத்து, வெற்றுப் பலகையால் மூடிவிடுங்கள்.

இனி போயிங்கா ஏர்பஸ்ஸா. நடைமுறையில் இது 737-ஆ ஏ320-ஆ என்ற கேள்வி. இந்த இரண்டுக்குத்தான் பாகங்கள், வரைபடங்கள், மென்பொருள் எல்லாம் தாராளமாகக் கிடைக்கின்றன. 777 மேல் ஆசை வைத்தவர்கள் பாகம் தேடியே பாதிக் காலத்தைக் கழிக்கிறார்கள்.

இயந்திர வேலையில் 737 முரட்டுத்தனமானது. இரண்டு யோக்குகளும் (விமானியின் முன்னால் நிற்கும் ஓட்டும் கைப்பிடிகள்) ஒன்றோடொன்று இணைந்து அசைய வேண்டும். யோக்கின் தண்டு தரைக்குள் இறங்குவதால் தரையை உயர்த்திக் கட்ட வேண்டும், இணைப்புக் கம்பிகளெல்லாம் அதன் அடியில் ஓடும். பெடஸ்டலின் இருபுறமும் உள்ள, மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் டிரிம் சக்கரங்கள் தாமாகச் சுழலும். எஞ்சின் விசையைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ த்ராட்டில் வேலை செய்யும்போது த்ராட்டில் லீவர்கள் தாமாக நகரும். தரையைத் தொட்டதும், இறக்கை மேல் தகடுகளை எழுப்பும் ஸ்பீட்பிரேக் லீவர் தானாகப் பின்னால் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார், கை பிடித்தால் வழுக்கும் ஒரு கிளட்ச், நிலையைச் சொல்லும் ஒரு சென்சார் வேண்டும். மோட்டார் இல்லாத மலிவான த்ராட்டிலை வாங்கினால் என்ன ஆகும் தெரியுமா? தரையிறங்கும் முன் ஆட்டோ த்ராட்டிலைத் துண்டிக்கும் நொடியில் எஞ்சின் ஓர் அளவில் ஓடிக்கொண்டிருக்கும், லீவர் வேறோர் இடத்தில் நிற்கும். உடனே எஞ்சின் லீவர் சொல்லும் அளவுக்குத் தாவும். துண்டிக்கும் முன்பே லீவரைக் கண்திட்டமாகச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கப் பழகலாம், ஆனால் அது எரிச்சல்தான்.

ஏ320 இங்கே கருணை காட்டுகிறது. யோக்குக்குப் பதில் பக்கவாட்டில் இருக்கும் ஜாய்ஸ்டிக்குகள், அதாவது சைட்ஸ்டிக்குகள் இரண்டுக்கும் இடையே இயந்திர இணைப்பே இல்லை, நிஜ விமானத்திலும் அப்படித்தான். த்ரஸ்ட் லீவர்கள் தாமாக நகர்வதில்லை. கிளைம்ப் (மேலேறும் விசை), ஃபிளெக்ஸ் (குறைத்த புறப்பாட்டு விசை), டோகா (முழு விசை) என்று குறிப்பிட்ட இடங்களில் கிளிக்கென்று உட்காரும். டிரிம் சக்கரம் இதிலும் சுழலும், ஆனால் பறக்கும்போது விமானி அதைத் தொடுவது அரிது. அது சுழலாமல் இருந்தாலும் பெரிய குறையில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. எஃப்சியுவின் குமிழ்கள் சுழல்வதோடு, உள்ளே தள்ளினால் ஒரு வேலையும் வெளியே இழுத்தால் இன்னொரு வேலையும் செய்யும். இந்த மூன்று அசைவும் உறுதியாக வேலை செய்யும் குமிழை வீட்டில் செய்வது லேசான காரியம் இல்லை. அதைத் தயாராக வாங்கிவிடுங்கள். ஓவர்ஹெட்டில் 737-க்குப் பெரும்பாலும் சாதாரண டாகிள் சுவிட்சுகள். ஏ320-ல் எழுத்து ஒளிரும் பொத்தான்கள், அதனால் விளக்குக் கம்பிகள் கூடும்.

பட்டறை வேலையில் கை பழகியவராக இருந்து மோட்டார், பேரிங், செயின் இவற்றோடு மல்லுக்கட்டுவது பிடிக்கும் என்றால் 737. கட்டுவதைவிடப் பறப்பதுதான் முக்கியம் என்றால் ஏ320. இரண்டுக்கும் நடுவில் நின்றால், எந்த விமானத்தின் கையேட்டை அலுக்காமல் படிக்கிறீர்களோ அதையே எடுங்கள். பல ஆண்டுகள் அதோடுதான் வாழப்போகிறீர்கள்.

மென்பொருளை முடிவு செய்யாமல் ஒரு சுவிட்ச்கூட வாங்காதீர்கள். அடித்தளமாக மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் 12, பிரிப்பேர்3டி என்று மூன்று இருக்கின்றன. அதற்கு மேல் விமானத்தின் அமைப்புகளை யார் இயக்குவது என்பதில் இரண்டு வழி. ஒன்று, சிமுலேட்டருக்குள் ஏற்றும் தனி விமானம்: 737-க்கு பிஎம்டிஜி, எக்ஸ்-பிளேனில் இலவசமான ஸீபோ, ஏ320-க்கு ஃபீனிக்ஸ், இலவசமான ஃபிளைபைவயர், எக்ஸ்-பிளேனில் டோலிஸ். இவை ஆழமானவை, ஆனால் ஒற்றைத் திரையில் மவுஸால் ஓட்டுபவரை மனத்தில் வைத்துச் செய்தவை. இன்னொன்று, காக்பிட்டுக்கென்றே எழுதப்பட்ட புரோசிம் போன்ற மென்பொருள். விமானத்தின் மூளை சிமுலேட்டருக்கு வெளியே, வேண்டுமானால் வேறொரு கணினியில் ஓடும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் விளக்குக்கும் அதில் ஒரு பெயர் தயாராக இருக்கும், திரைகளைத் தனித்தனியாகப் பிரித்து அனுப்பலாம். விலை அதிகம்.

இந்த வேறுபாடு எங்கே கடிக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சிமுலேட்டரை ஏற்றியதும் விமானம் ஓடுபாதையில் எஞ்சின் ஓடும் நிலையில் நிற்கிறது. உங்கள் முன்னால் இருக்கும் எரிபொருள் லீவரோ மூடிய நிலையில் இருக்கிறது. யார் சொல்வது செல்லும்? காக்பிட் மென்பொருள் தொடக்கத்திலேயே எல்லாச் சுவிட்சுகளின் நிலையையும் படித்து, கையில் இருப்பதே உண்மை என்று எடுத்துக்கொள்ளும். முதல் வழியில் நீங்களே பொறுப்பு. அதுவும் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ‘இப்போது இருப்பதற்கு எதிராக மாற்று’ என்ற கட்டளையைக் கொடுத்திருந்தால், ஒருமுறை தலைகீழானது பயணம் முழுக்கத் தலைகீழாகவே இருக்கும். மேலே தள்ளினால் ‘இயக்கு’, கீழே தள்ளினால் ‘நிறுத்து’ என்று இரண்டு தனிக் கட்டளைகளாகக் கொடுங்கள். இந்த ஒன்றைத் தொடக்கத்திலேயே செய்துவிட்டால் பின்னால் வரும் தலைவலியில் பெரும்பகுதி குறையும்.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் கருவித் திரைகளை வெளியே இழுத்துத் தனி மானிட்டரில் வைக்கலாம், ஆனால் இழுக்கும் ஒவ்வொரு திரையும் காட்சியின் வேகத்தைத் தின்னும். இரண்டு மூன்று திரைகளுக்குப் பரவாயில்லை. ஆறு திரையும் வேண்டும் என்கிற நிலை வரும்போது இரண்டாவது வழிக்கு மாறுவது நல்லது. முதல் வழியில் தொடங்கி, பிறகு மாறிக்கொள்ளும்படி இரண்டோடும் பேசும் வன்பொருளாக வாங்குவதே என் யோசனை.

மின்னணு வேலைக்கு வருவோம். பலரும் பயப்படும் பகுதி இது, பயப்படத் தேவையில்லை. ஆர்டுயினோ மெகா 2560 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் 54 டிஜிட்டல் பின்களும் (இணைப்பு முனைகள்) 16 அனலாக் பின்களும் உண்டு. மோபிஃபிளைட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், ஒரு வரி நிரல்கூட எழுதாமல் சுவிட்ச், சுழல் குமிழுக்கான என்கோடர், விளக்கு, எண் திரை எல்லாவற்றையும் சிமுலேட்டரோடு இணைக்கலாம். எம்சிபியில் ஒளிரும் எண்களுக்கு மேக்ஸ்7219 சிப் போதும், மூன்று தரவுக் கம்பியில் எட்டு இலக்கங்களை ஓட்டும்.

ஆனால் யோக், த்ராட்டில், பெடல் போன்ற அச்சுகளை ஆர்டுயினோவில் மாட்டாதீர்கள். மெகாவின் அனலாக் பின் 10 பிட், அதாவது முழு அசைவும் 1,024 படிகளாகப் பிரியும். லியோ போட்னார் பியூ0836 போன்ற ஜாய்ஸ்டிக் பலகை 12 பிட், 4,096 படி. தரையிறங்கும்போது மூக்கை மெல்ல உயர்த்தும் அந்த நொடியில் வித்தியாசம் கையிலேயே தெரியும். சென்சார் விஷயத்தில், உராய்ந்து தேயும் பொட்டென்ஷியோமீட்டரைவிடக் காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சார் நீண்ட நாள் நடுங்காமல் இருக்கும்.

சுவிட்சுகள் பெருகும்போது பின்கள் போதாது. எட்டு கிடைவரிசை, எட்டு நெடுவரிசை என்று மேட்ரிக்ஸாகக் கோத்தால் 16 கம்பியில் 64 சுவிட்சுகளைப் படிக்கலாம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு சுவிட்சோடும் ஒரு 1என்4148 டயோடைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று சுவிட்சுகள் ஒரே நேரத்தில் மூடியிருக்கும்போது, தொடாத நான்காவதும் மூடியதாகக் காட்டும். பொத்தான்களில் இது அரிதாக நடக்கும். பயணம் முழுக்க மூடியே கிடக்கும் டாகிள் சுவிட்சுகள் நிறைந்த ஓவர்ஹெட்டில் நடந்தே தீரும்.

சில சுவிட்சுகள் தாமாகத் திரும்புபவை. 737-ன் எஞ்சின் ஸ்டார்ட் குமிழ் ‘கிரவுண்ட்’ (தரையில் எஞ்சினைக் கிளப்பும்) நிலையில் காந்தத்தால் பிடித்துவைக்கப்பட்டு, எஞ்சின் போதிய வேகம் எடுத்ததும் டக்கென்று திரும்பும். ஆட்டோ த்ராட்டில் சுவிட்சும் அப்படியே. சாலினாய்டு என்ற இழுக்கும் மின்காந்தம் வைத்து இதைச் செய்யலாம், செய்தால் அந்த ‘டக்’ சத்தம் தரும் மகிழ்ச்சி தனி. சாலினாய்டுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு போட மறந்தால், மின்சாரத்தைத் துண்டிக்கும்போது எழும் மின்னழுத்தத் துள்ளல் அதை இயக்கும் டிரான்சிஸ்டரைப் பொசுக்கிவிடும்.

மின்சாரம் பற்றிச் சில விஷயங்கள். பின்விளக்கு, மோட்டார், சாலினாய்டு எதையும் யூஎஸ்பியிலிருந்து ஓட்டாதீர்கள், தனி பவர் சப்ளை வையுங்கள். எல்லா சப்ளைகளின் கிரவுண்டையும் (எதிர்முனைக் கம்பி) ஓரிடத்தில் இணையுங்கள். இல்லாவிட்டால் பேய் பிடித்ததுபோல் சுவிட்சுகள் தாமாக மாறும். ஒவ்வொரு கிளைக்கும் ஃப்யூஸ் போடுங்கள், மரக்கூட்டுக்குள் உட்காரப்போவது நீங்கள். யூஎஸ்பி ஹப்பும் தனி மின்சாரம் உள்ளதாக இருக்கட்டும். விண்டோஸ் மின்சாரம் சேமிக்கிறேன் என்று யூஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். கடைசிக் கட்ட இறக்கத்தில் எம்சிபி செத்துப்போவதற்கு அடிக்கடி அதுதான் காரணம்.

ஒவ்வொரு பேனலும் ஒரே கனெக்டரைக் கழற்றினால் தனியாக வெளியே வரும்படி செய்யுங்கள். கம்பியின் இரு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். நேரடியாகப் பற்றவைத்து நிரந்தரமாக்கிய ஓவர்ஹெட்டை மல்லாந்து படுத்துப் பழுதுபார்க்க நேர்ந்தவர்கள் இதை இரண்டாம் முறை சொல்லவைக்க மாட்டார்கள்.

பேனலைச் சொந்தமாகச் செய்ய ஆசையிருந்தால், பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டுக்கு வண்ணம் அடித்து, எழுத்து வர வேண்டிய இடத்தில் மட்டும் லேசரால் வண்ணத்தை எடுத்துவிட வேண்டும். பின்னால் எல்இடி போட்டால் எழுத்து மட்டும் ஒளிரும். பெடஸ்டல் பேனல்கள் டிஸஸ் தண்டவாளத்தில் கால் திருப்பில் பூட்டும் திருகால் நிற்பவை. அகலம் 5.75 அங்குலம், அதாவது 146 மி.மீ, உயரம் 3/8 அங்குலப் படிகளில் போகும். இந்த அளவை மதித்துச் செய்தால், நாளைக்கு நிஜ ரேடியோ பேனல் ஒன்று கிடைத்தாலும் அப்படியே உட்காரும்.

நிஜப் பாகங்கள் பற்றிக் கேட்டதால்: இயந்திரப் பாகங்கள் சரி, மின்னணுப் பாகங்கள் வேண்டாம். நிஜ யோக், இருக்கை, த்ராட்டில் தொகுதி, பெடல் இவற்றின் எடையும் உறுதியும் நகலில் வராது. ஓய்வுபெற்ற விமானங்களைப் பிரித்து விற்பவர்களிடம் இவை கிடைக்கின்றன. ஆனால் நிஜ எம்சிபியோ சிடியுவோ ஏஆர்ஐஎன்சி 429 என்ற விமானத் தரவு வழியில் பேசும், உங்கள் கணினிக்கு அந்த மொழி தெரியாது. பல கருவிகளுக்கு 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரமும் வேண்டும். மாற்றிக் கருவிகள் உண்டு. அதுவே தனியொரு பொழுதுபோக்காகிவிடும்.

வெளிக்காட்சியில்தான் பணமும் வடிவியலும் முட்டிக்கொள்கின்றன. ஒரு மானிட்டரோ பெரிய டிவியோ போதும் என்று தொடங்குவது நல்லது. எட்வின் லிங்க் 1929-ல் தன் அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலையில், ஆர்கன் துருத்திகளை வைத்து உருவாக்கிய பயிற்சி எந்திரத்துக்குக் காட்சியே கிடையாது. 1934-ல் அமெரிக்க ராணுவம் அதை வாங்கியது மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கக் கற்பிக்கத்தான். பயணிகள் விமானத்திலும் பெரும்பாலான நேரம் கண் கருவிகளில்தான்.

அடுத்த கட்டம் வளைவுத் திரையும் இரண்டு மூன்று புரொஜெக்டர்களும். 180 பாகை சுற்றி வரும், இரண்டு மீட்டர் ஆரமுள்ள திரைக்கு அறை நான்கு மீட்டருக்கும் மேல் அகலமாக இருக்க வேண்டும். படங்களை வளைத்து, ஓரங்களை ஒன்றோடொன்று கலக்கத் தனி மென்பொருள் வேண்டும். ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு சிக்கல் எழும். இரண்டு இருக்கைகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர். காட்சியின் மையம் உங்கள் கண்ணுக்குச் சரியாக இருந்தால், இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் திரையில் நேர் எதிரே தெரியும் ஓடுபாதை, பக்கத்தில் இருப்பவருக்கு 26 பாகைக்கும் மேல் விலகித் தெரியும். மையத்தை நடுவில் வைத்தால் இருவருக்கும் தலா 14 பாகை பிழை. மூடுபனியில் ஓடுபாதையோடு நேர்கோட்டில் நிற்கப் போராடும்போது 14 பாகை மிகப் பெரியது. தொழில்முறைச் சிமுலேட்டர்கள் பெரிய குழிவான கண்ணாடியில் படத்தைப் பிரதிபலித்து, அது தொலைதூரத்தில் இருப்பதுபோல் காட்டி இதைத் தீர்க்கின்றன. அப்போது இருவருக்கும் ஓடுபாதை நேராகவே தெரியும். வெற்றிடத்தால் இழுத்து வளைத்த மைலார் என்ற பளபளக்கும் பிளாஸ்டிக் படலத்தில் இதை வீட்டிலேயே செய்தவர்கள் உண்டு. அவர்களுக்கு என் வணக்கம். மற்றவர்கள் தங்கள் கண்ணுக்கு மையத்தை வைத்துக்கொண்டு, விருந்தாளியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது எளிது.

அசையும் மேடை வேண்டாம் என்பேன். ஆறு கால் மேடை முழுக் காக்பிட்டைத் தூக்க எடை, சத்தம், தரையின் பலம், பாதுகாப்பு எல்லாமே வேறு அளவுக்குப் போய்விடும். சின்ன மேடை தவறான நேரத்தில் தவறான திசையில் சாய்ந்தால், ஏமாற வேண்டிய உடம்பு எச்சரிக்கையாகிவிடும். அதற்குப் பதில் இருக்கைக்கும் தரைக்கும் அடியில் அதிர்வு ஸ்பீக்கர்களைப் பொருத்துங்கள். ஓடுபாதையின் மையவிளக்குகள் மேல் முன்சக்கரம் ஏறி இறங்கும் தடதடப்பும், கியர் பூட்டிக்கொள்ளும் அதிர்ச்சியும் கால்வழி வந்தால் போதும், மூளை மீதியை நிரப்பிக்கொள்ளும்.

கூட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. அறைக் கதவின் அகலத்தை அளந்துவிட்டு, அதற்குள் நுழையும் துண்டுகளாகப் பிரித்துக் கட்டுங்கள். என்றாவது வீடு மாற வேண்டி வரும். உள்ளே கணினிகளும் திரைகளும் கக்கும் சூட்டுக்கு ஒரு காற்றுப்போக்கியும் வையுங்கள், மூடிய கூட்டில் வெப்பம் சீக்கிரம் ஏறும்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தேர்ந்தெடுத்த விமானத்தின் எல்லாப் பேனல்களையும் நிஜ அளவில் காகிதத்தில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, நாற்காலியைச் சுற்றி உரிய உயரத்தில் நிறுத்துங்கள். விமான நிறுவனங்களில் சேரும் விமானிகளும் சுவிட்ச் வரிசைகளை மனப்பாடம் செய்ய இப்படிப்பட்ட காகிதக் காக்பிட்டில்தான் உட்காருகிறார்கள். கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, புறப்படுவதிலிருந்து இறங்குவதுவரை கையால் தொட்டுத் தொட்டுச் சில முறை ஓட்டிப் பாருங்கள். கண் உயரம் சரியா, முழங்கால் எங்கே இடிக்கிறது, ஓவர்ஹெட்டின் பின்வரிசை கழுத்தைத் திருப்பாமல் தெரிகிறதா, அறை போதுமா என்பதெல்லாம் சில நாளில் தெரிந்துவிடும். எந்தப் பேனலின் காகிதம் முதலில் அழுக்காகிறதோ அதை முதலில் வாங்குங்கள்.